வீட்டாருக்கான கேக்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில், ஆலைகளுக்கும் கம்பெனிப் பேருந்துகள் நிற்கும் இடங்களுக்கும் நடுவே, பழவண்டிகள் வரிசையாக நிற்கும் முனைகள் சில உண்டு. அவ்வண்டிகளில் விலையை நிர்ணயிப்பது கோயம்பேட்டுச் சந்தை மாத்திரம் அன்று, ஷிப்ட் மாறும் நேரமும்தான் என்பது இப்பக்கத்தில் வசிப்போர் யாவரும் அறிந்த விஷயம். பிற்பகல் ஷிப்டுக்குரிய பேருந்துகள் வந்து போகும் வரையில் கறாராகப் பேசும் பழக்காரி, கடைசிப் பேருந்தும் புறப்பட்டபின், தோல் சுருங்கிய மாம்பழங்களையும் ஒருபுறம் அமுங்கிப்போன அன்னாசியையும் தனியே ஒதுக்கி, “எடுத்துக்க டீச்சரம்மா, நாளைக்கு இருந்தா மாட்டுக்குத்தான் போடணும்” என்று பாதி விலைக்குக் கொடுத்துவிடுவாள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் கேக் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட என்னைப் போன்றவர்களுக்கு அந்த அரை மணி நேரமே முகூர்த்த வேளை. ஏனெனில், காப்ளர் என்னும் பண்டத்துக்கு அழகான பழம் வேண்டியதில்லை. நன்றாகக் கனிந்த பழமே வேண்டும்.

காப்ளர் அமெரிக்க தேசத்துச் சரக்கு. இங்கிலாந்திலிருந்து சென்று குடியேறியவர்கள், தாய்நாட்டில் மாட்டுக்கொழுப்பும் மாவும் சேர்த்துத் துணியில் கட்டி வேகவைத்த புட்டிங் வகைகளுக்கு வேண்டிய சாமக்கிரியைகள் கிட்டாத காட்டுப்புறங்களில், கிடைத்த பழத்தை இரும்புச் சட்டியில் இட்டு, அதன்மேல் மாவுருண்டைகளைப் போட்டு மூடி, அடியிலும் மூடியின் மேலும் தணல் வைத்துச் சுட்டதிலிருந்து இது பிறந்தது என்று கூறுவர். நம் பாட்டிமார் கரியடுப்புக் காலத்தில் மூடிமேல் நெருப்புப் போட்டுக் கேக் சுட்டதும் இதே தத்துவந்தான். மேலிருந்து அனல் படாவிட்டால் எந்த மாவின் மேற்புறமும் சிவக்காது. 1839ஆம் ஆண்டு வெளியான ‘தி கெண்டக்கி ஹவுஸ்வைஃப்’ என்னும் சமையல் நூலில் லெட்டிஸ் பிரையன் என்னும் அம்மையார், பீச் பழத்தில் செய்யும் இத்தகைய பண்டம் ஒன்றை விவரித்துவிட்டு, விருந்தினர் முன் வைக்கும் நாகரிகம் இதற்கு இல்லை என்றும், வீட்டார் உண்பதற்கு இது மிகவும் உத்தமமானது என்றும் அபிப்பிராயம் சொல்லியிருக்கிறார். கேக்குகளைப் பற்றி நான் படித்தவற்றுள் இதைவிடத் தெளிவான தீர்ப்பை வேறெங்கும் கண்டதில்லை.

இதன் மிக எளிய பிரயோகம் இப்படி. கேக் வேகவேண்டிய தட்டிலேயே நூறு கிராம் வெண்ணெயை இட்டு, அடுப்புச் சூடேறும்போதே அதை உள்ளே வைத்து உருக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கப் மைதா, முக்கால் கப் சர்க்கரை, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு கப் பால் ஆகியவற்றைக் கட்டியின்றிக் கரைத்து, அந்த மாவை உருகிய வெண்ணெய்மேல் மெல்ல வார்த்து, அதற்கும் மேலே பழத்துண்டுகளைப் பரப்பி, 180 டிகிரியில் முக்கால் மணி நேரம் விட்டுவிட வேண்டும். எந்த நிலையிலும் கிளறலாகாது. கிளறினால் வெண்ணெய் மாவில் கலந்து சாதாரண கேக்காகிவிடும். கிளறாமல் விட்டாலோ, மாவு தானே பொங்கி எழுந்து பழங்களைச் சூழ்ந்து மேலேற, பழங்கள் அடியில் அமிழ்ந்து, ஓரமெங்கும் வெண்ணெயில் பொரிந்த மொறுமொறுப்பான விளிம்பு ஒன்று உண்டாகிறது. வீட்டில் சண்டை வருவதெல்லாம் அந்த விளிம்புக்காகத்தான். 1,500 வாட் மின்னடுப்பு ஒரு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தாலும் ஒன்றரை யூனிட்டுக்குமேல் ஆகாது என்பதை, மின்கட்டணத்துக்கு அஞ்சுவோர் தெரிந்துகொள்வது நல்லது.

வெண்ணெயின் அளவைக் கண்டு திகைப்பவர்களும் உண்டு. ஆண்டாள் நேர்ந்துகொண்ட நூறு தடா வெண்ணெயையும் நூறு தடா அக்கார அடிசிலையும், தாமே திருமாலிருஞ்சோலைக்குச் சென்று அழகருக்குச் சமர்ப்பித்து அந்த நேர்த்தியை நிறைவேற்றியவர் ஸ்ரீராமாநுஜர். அவர் 1017ஆம் ஆண்டில் அவதரித்த ஊரில் குடியிருந்துகொண்டு, நூறு கிராமுக்குக் கணக்குப் பார்த்து வனஸ்பதியை நாடுவது எனக்கு உசிதமாகப் படவில்லை.

பழத்தின் விஷயத்திலோ எத்தனை பரீட்சை செய்தாலும் சலிப்பதில்லை. பங்கனப்பள்ளி உண்பதற்கு இனியது; ஆனால் அடுப்பில் கரைந்து மாவோடு மாவாகிவிடுவதோடு, சர்க்கரையோடு சேர்ந்து திகட்டவும் செய்யும்; எலுமிச்சஞ்சாறு பிழிந்தால்தான் அதற்கு உயிர் வரும். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பழக்கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகும் கிளிமூக்கு மாம்பழத்தை அப்படியே கடித்துத் தின்னப் பலரும் விரும்புவதில்லை. காப்ளருக்கோ அதற்கு ஈடான மாம்பழம் இல்லை என்பேன். துண்டுகள் உருக்குலையாமல் நிற்கின்றன, புளிப்பு சர்க்கரையை அடக்குகிறது. மற்ற மாம்பழங்கள் ஓய்ந்தபின் சென்னை வண்டிகளில் எஞ்சி நிற்கும் ருமானியும் இவ்விதமே பயன்படும். அன்னாசியைப் பச்சையாகப் போட்டால் அதன் சாறு மாவை நனைத்து, நடுப்பகுதியை வேகவிடாது. சர்க்கரையோடு வாணலியில் சாறு சுண்டும்வரை புரட்டிவிட்டுப் போட வேண்டும். பண்ருட்டிப் பலாச்சுளைக்குச் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாம். ஆனால் அது வேகும் வாசனை தெருக்கோடி வரை செல்லும் என்பதால், ரகசியமாகச் செய்து உண்ண நினைப்பவர்களுக்கு அது ஏற்றதன்று. ரஸ்தாளி கறுத்துக் கொழகொழத்துப்போகிறது. கனிந்த நேந்திரம் நிமிர்ந்து நிற்கிறது. அமெரிக்கர் தூவும் பட்டைப்பொடியைவிட மாவுக்குள் சிறிது சுக்கும் ஏலமும் சேர்ப்பது நம் மாம்பழத்துக்குப் பொருத்தம். இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, சமையல் குறிப்பில் உள்ள பழத்தைத் தேடிக்கொண்டு அலையாமல், வண்டியில் அன்று மிஞ்சியிருப்பது எதுவோ அதற்கு ஏற்றபடி குறிப்பை மாற்றிக்கொள்வது.

காப்ளருக்கு அடுத்தபடியாக நான் விரும்புவது அலங்காரமில்லாத வெறுங்கேக். நம் ராஜ்யத்தின் நெடுஞ்சாலைகளில் ‘பெங்களூர் ஐயங்கார் பேக்கரி’ என்று பலகை மாட்டிய கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஹாசன் ஜில்லாவைச் சேர்ந்த எச்.எஸ். திருமலாச்சார் 1898ஆம் ஆண்டு பெங்களூர்ச் சிக்பேட்டையில் தொடங்கிய பி.பி. பேக்கரியே இவ்வகைக் கடைகளுக்கு முன்னோடி என்பர். பலகாரக் கடை வைத்திருந்த அவருக்கு, அங்கு வாடிக்கையாக வந்த ஆங்கிலேயர் ஒருவர் ரொட்டி சுடும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தாராம். ஸ்ரீராமாநுஜர் சோழநாட்டை விட்டு ஹொய்சள நாட்டில் மேல்கோட்டையில் பல்லாண்டுகள் வாழ்ந்தார் என்பதையும், அந்நாட்டு ஐயங்கார்கள் அக்காலம் முதலே தங்கள் பரம்பரையைக் கணக்கிடுவதையும் நினைத்தால், அவர் பிறந்த ஊருக்குள் முட்டையில்லாத கேக்கும் தேங்காய் பன்னும் அப்பெயரைத் தாங்கி வந்து சேர்ந்திருப்பது ஸ்வாரஸ்யமான யாத்திரைதான்.

முட்டையில்லாமல் கேக் எழும்புவதற்குத் தயிரே போதும். ஒரு கப் தயிரில் முக்கால் கப் சர்க்கரையைக் கரைத்து, அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் சேர்த்தால், தயிரின் புளிப்பும் சோடாவும் கூடிக் கரியமில வாயு கிளம்பி நுரைக்கும். அந்த நுரை அடங்குவதற்குள் அரைக் கப் எண்ணெயும் ஒன்றரைக் கப் மைதாவும் கலந்து அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். இந்தச் சௌகரியம் பழங்காலத்தில் இல்லை. 1747இல் ஹன்னா கிளாஸ் என்னும் ஆங்கில மாது எழுதிய முறைப்படி, வெண்ணெயும் மாவும் சர்க்கரையும் ஒவ்வொரு பவுண்டு எடுத்துச் செய்யும் கேக்குக்குக் கலவையை ஒரு மணி நேரம் கையால் அடிக்க வேண்டும். அடிப்பதால் உட்புகும் காற்றுதான் அதைத் தூக்கி நிறுத்தியது. 1843இல் பர்மிங்ஹாம் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்டும் முட்டையும் உடலுக்கு ஒவ்வாத தம் மனைவியின் பொருட்டுப் பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்தார். அந்த அம்மையாரின் அஜீரணம் உலகத்தின் கைவலியைத் தீர்த்தது.

எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் வெவ்வேறு ஜில்லாக்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்த பெண்கள். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கென்று சிப்காட் கட்டிய பெருங்குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்கு வெளியேயும் இச்சுற்றுவட்டாரத்தில் இவ்வாறு அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் அநேகர். எனவே பிறந்தநாள் இல்லாத வாரமே இங்கே இல்லை. அரைக் கிலோ பிளாக் ஃபாரஸ்டோ பட்டர்ஸ்காட்ச்சோ வரும், படம் எடுப்பார்கள், இரண்டு வாய் உண்பார்கள், மிச்சம் பிறந்தநாள்காரியின் முகத்தில் அப்பப்படும். உணவுப்பொருளை முகத்தில் பூசும் இந்த வழக்கத்தை நான் வெறுக்கிறேன் என்பதை மாடிக்குச் சொல்லியும் ஆயிற்று, சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்கள். ஆனால் இரவு ஷிப்ட் மாறிப் பத்தரை மணிக்குமேல் பசியோடு படியேறுபவர்களுக்கு, அடுப்பிலிருந்து எடுத்த காப்ளர் தட்டைக் கரண்டிகளோடு வைத்துவிட்டால், அதை யாரும் படமெடுப்பதுமில்லை, பூசுவதுமில்லை. வெட்டவும் முடியாது, வரிசையாக அடுக்கவும் முடியாது. எல்லாரும் ஒரே தட்டிலிருந்து தோண்டித்தான் உண்ண வேண்டும். உறவால் குடும்பமாகாமல், வாடகையால் ஒரே வீட்டாராகிவிட்ட இவர்களுக்கு இதுவே தகுந்த பலகாரமென்று, கெண்டக்கி அம்மையாரின் பலத்தில் நான் முடிவு கட்டியிருக்கிறேன்.

இதை விற்கலாமே என்று யோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் செய்து விற்போரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்; சிறு வியாபாரிகளுக்கு அதன் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். தடை சட்டத்தில் இல்லை, பண்டத்தில் இருக்கிறது: ஆறிய காப்ளரைப் பெட்டியில் போட்டு மூடினால் பழத்தின் ஈரம் ஊறி, அந்த அருமையான விளிம்பு நைந்துவிடும். விற்கத் தகாத பொருளாக இருப்பதும் ஒருவகையில் சௌகரியமே.

மாடியில் தேனி ஜில்லாப் பெண் ஒருத்தி, அடுத்தமுறை ஊருக்குப் போய் வரும்போது கம்பத்துப் பன்னீர் திராட்சை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திராட்சையின் புளிப்பும் மணமும் வெண்ணெயோடு நன்றாகவே சேரும். ஆனால் விதை இருக்கிறது. “விதையெல்லாம் எடுக்க வேணாம் டீச்சர், எங்க ஊர்ல யாரு எடுக்குறாங்க? அப்படியே முழுங்கிட வேண்டியதுதான்” என்கிறாள் அவள். வெந்த மாவில் விதை பல்லில் அகப்படும் என்பது என் கட்சி. தட்டின் பாதியில் விதையோடும் மறுபாதியில் விதை நீக்கியும் செய்து பார்ப்பதென்று உடன்பாடு ஏற்பட்டிருக்கிறது. விதை எடுக்கும் வேலை என்னுடையதாம்.