ஜீரோ-காப்பி: நகல் நீங்கியது, செலவு நீங்கவில்லை

நெட்வொர்க் ஆய்வுகளில் ‘ஜீரோ-காப்பி’ என்னும் சொல் இன்று மந்திரம்போல் ஓதப்படுகிறது. ஆய்வேட்டின் தலைப்பில் அது இடம்பெற்றுவிட்டால் வேகமும் நிரூபணமாகிவிட்டதாகவே கொள்ளப்படுகிறது. இந்த வழக்கம் ஆய்வு நெறிக்கு முரணானது.

நெட்வொர்க் கார்டு, வந்த பாக்கெட்டை டிஎம்ஏ வழியாக நினைவகத்தில் எழுதுகிறது. கெர்னல் அதைப் பயனர் நிரலின் பஃபருக்கு நகலெடுக்கிறது. இந்த இரண்டாம் படியை நீக்குவதே ஜீரோ-காப்பி. அதற்கு ஈடாக எது செலவாகிறது என்று கேட்போர் சிலரே.

லினக்ஸ் 4.18 பதிப்பில் (2018) டிசிபி பெறுதலுக்கு வந்த வசதியைப் பாருங்கள். தரவு 4096 பைட் பக்கங்களில் எல்லை பிசகாமல் அமைய வேண்டும். தலைப்பகுதியையும் தரவையும் பிரித்து வைக்கும் கார்டும், அதற்கேற்ற எம்டியூ அளவும் தேவை. வழக்கமான 1500 பைட் ஈதர்நெட்டில் இவை எளிதில் கூடிவருவதில்லை. கூடினாலும், பக்க அட்டவணையைத் திருத்துவதற்கும் டிஎல்பி பதிவுகளை நீக்குவதற்கும் நேரம் செலவாகிறது. சில நூறு பைட்டுகளை நகலெடுப்பது அதைவிட மலிவு.

டிரைவர் எழுதுவோர் இதனை நன்கறிவர். இன்டெல் கார்டுகளுக்கான இ1000இ டிரைவரில் ‘காப்பிபிரேக்’ என்றொரு வரம்பு உண்டு. அதன் இயல்பு மதிப்பு 256 பைட். அதற்குச் சிறிய பாக்கெட்டுகளை அந்த டிரைவர் வேண்டுமென்றே நகலெடுத்து, பஃபரைக் கார்டின் பயன்பாட்டுக்கே மீண்டும் விடுகிறது. ஜீரோ-காப்பியிலோ, பயனர் நிரல் பஃபரைத் திருப்பித் தரத் தாமதித்தால் பெறும் வரிசை வறண்டு பாக்கெட்டுகள் இழக்கப்படும்.

‘நெட்மேப் சாதிக்கவில்லையா?’ என்று கேட்கலாம். சாதித்தது. பீசா பல்கலைக்கழகத்தின் லூய்ஜி ரிட்சோ 2012இல் வெளியிட்ட அந்த ஆய்வு, 900 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் ஒற்றை மையத்தைக் கொண்டே நொடிக்கு 1.488 கோடி பாக்கெட்டுகளைக் கையாண்டு காட்டியது. ஆனால் அந்த வேகம் நகலைத் தவிர்த்ததால் மட்டும் வந்ததன்று. முன்கூட்டியே ஒதுக்கிய பஃபர்களும், பல பாக்கெட்டுகளுக்கு ஒரே சிஸ்டம் கால் என்னும் ஏற்பாடும் அதில் பங்குகொண்டன. பெருமை முழுவதையும் ஒரு சொல்லுக்குச் சூட்டுவது அந்த ஆய்வுக்கே இழைக்கும் அநீதி.

பெரிய பாக்கெட்டுகளில் மட்டும் அளந்து, செம்மைப்படுத்தாத நகல்முறையோடு ஒப்பிட்டு வெற்றி அறிவிக்கும் ஆய்வேட்டை நம்பி, சாதாரணக் கார்டு மட்டுமே உள்ள கூடத்தில் மற்றொரு மாணவர் மாதக்கணக்கில் உழைத்து ஏமாறுகிறார். ஆகவே நெறியாளர்களும் தேர்வாளர்களும் மூன்றைக் கேட்டே ஆகவேண்டும்: 64 பைட் முதல் அளந்த முடிவுகள், ஒரு பாக்கெட்டுக்கான சிபியு சுழற்சிகள், பஃபர்கள் பயனர் நிரலிடம் தங்கிய நேரம். இவை இல்லாத ஆய்வேடு ஏற்கத்தக்கதன்று.