கேன்சர்னா உடனே கத்தியா?

காமர்ஸ்காரனுக்கு இது எதுக்குன்னு கேட்காதீங்க. ஒரே நம்பரைப் பார்த்து எந்தக் கம்பெனியையும் எடைபோட மாட்டோம். ஆனா "புராஸ்டேட் கேன்சர்" என்றதும் "உடனே வெட்டிடுங்க" என்போம்! அப்புறம் வரும் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் யார் கணக்கில்?

எல்லாக் கட்டியும் ஒரே ரகம் இல்லை. 2005-ல் மிச்சிகன் பல்கலைக்கழக அருள் சின்னையன் குழு, 21-ஆம் குரோமோசோமில் இரண்டு ஜீன்கள் ஒட்டிக்கொள்வதைக் கண்டுபிடித்தது. பலரின் கட்டியில் இது இருக்கு. இதை மட்டும் வைத்து ஆயுளைச் சொல்ல முடியாது. 10-ஆம் குரோமோசோமில் பிடென் ஜீன் தொலைந்திருந்தால் ஆபத்து கூடுதல்.

2023-ல் வந்த பிரிட்டன் ஆய்வில், பரவாத கட்டி உள்ளவர்களில் 15 வருடத்தில் இந்நோயால் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதம். வெட்டினாலும் கண்காணித்தாலும் பெரிய வித்தியாசமில்லை!

மூர்க்கமான கட்டிக்குச் சிகிச்சை வேண்டும்தான். உங்களுடையது எந்த ரகம் என்று டாக்டரிடம் முதலில் கேளுங்க மக்களே!