ஒரு மாவுக்கட்டியின் பொருட்டு முகநூல் அதிபருக்கு

பெருமதிப்பிற்குரிய மார்க் சக்கர்பெர்க் அவர்கள் சமுகத்திற்கு,

இலங்கைத் தீவின் கிழக்குக் கரையோரத்தில் இருந்துகொண்டு, கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் ஊரில் வீற்றிருக்கும் தங்களுக்குத் தமிழிலே மடல் வரைவது எத்துணை நகைப்புக்கிடமான காரியம் என்பதை நான் அறியாதவன் அல்லன். தங்களுக்குத் தமிழ் வராது; சிங்களமும் வராது. ஆயினும், இவ்விரு மொழிகளிலும் எழுதப்படுவனவற்றை ஏற்று, அடுக்கி, வேண்டியவர் வேண்டாதவர் அனைவர் கைக்கும் கொண்டுசேர்த்து, அவற்றின் பக்கத்திலே விளம்பரம் வைத்துப் பொருளீட்டுவதற்கு அம்மொழிகளை அறிந்திருத்தல் அவசியமே இல்லை என்பதைத் தங்கள் ஸ்தாபனம் பல்லாண்டுகளாக நிரூபித்து வந்திருப்பதால், இம்மடலை ஏற்றுக்கொள்வதற்கும் அது தடையாகாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முறைப்படி விண்ணப்பித்துப் பார்க்காமல் சந்தியிலே நின்று கூவுகிறான் என்று தாங்கள் எண்ணிவிடலாகாது. 2014 ஜூன் மாதத்தில் அளுத்கமையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்த சில மாதங்களுக்குள்ளேயே, கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம், முகநூலில் சிங்களத்தில் நடக்கும் துவேஷப் பிரசாரத்தைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்து அறிக்கையாகவே வெளியிட்டது. அதற்குப் பின்னும் முறைப்பாடுகள் சென்றுகொண்டிருந்தன. 2018 ஏப்ரலில் எங்கள் நாட்டுச் சமூக நிறுவனங்கள் பல ஒன்றுகூடித் தங்கள் பெயருக்கே பகிரங்கக் கடிதம் எழுதின. ஆகவே தங்கள் விதிகளைத் தங்களுக்கே ஓதிக்காட்டும் அசட்டுத்தனத்தை நான் செய்யப்போவதில்லை. அவற்றை வகுத்தவர் தாங்கள்; அவை தங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். ஒரேயொரு சம்பவத்தை மட்டும் சற்று விஸ்தாரமாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். அது ஒரு மாவுக்கட்டியைப் பற்றியது.

2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரிலே தமிழ் பேசும் முஸ்லிம்கள் நடத்திவந்த ஒரு சாப்பாட்டுக் கடையில், உண்ண வந்த சிங்களவர் ஒருவர் தம் தட்டிலிருந்த மாட்டிறைச்சிக் குழம்பிலே ஏதோ திரண்டு கிடப்பதைக் கண்டார். குழம்பு வைத்துப் பழகியவர்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. மாவைத் தனியே தண்ணீரில் கரைத்து ஊற்றாமல், அவசரத்திலே கொதிக்கிற சட்டிக்குள் அப்படியே தூவிவிட்டால், மேல்மாவு வெந்து தோல்போல் மூடிக்கொள்ள, உள்மாவு நனையாமலே நின்று கட்டி தட்டிவிடும்; அகப்பையால் எவ்வளவு மசித்தாலும் ஒன்றிரண்டு தப்பிவிடும். வீட்டிலென்றால் சமைத்தவரோடு ஒரு முணுமுணுப்பு, கடையிலென்றால் முதலாளியோடு இரண்டு வார்த்தை. மிஞ்சிப்போனால் காசு கொடுக்காமல் எழுந்து போய்விடலாம். அவ்வளவில் முடிந்திருக்கவேண்டிய விவகாரம்.

ஆனால் அம்மனிதரின் கண்ணுக்கு அது மாத்திரையாகவே தென்பட்டது. தென்படாமல் எப்படி இருக்கும்? அம்பாறையில் ஒரு முஸ்லிம் மருந்துக்கடைக்காரரிடமிருந்து 23,000 மலட்டு மாத்திரைகளைப் பொலிஸார் கைப்பற்றினார்கள் என்றொரு கதை அதற்கு முன்னரே தங்கள் முகநூலிலே ஊர் ஊராக உலவிக்கொண்டிருந்தது. அப்படி எதுவும் கைப்பற்றப்படவில்லை. ஒரு வேளைச் சோற்றில் கலந்து கொடுத்து ஒரு மனிதரைக் காலமெல்லாம் மலடாக்கிவிடும் மாத்திரை எந்த மருந்தகத்திலும் கிடையாது என்பதை மருத்துவம் படித்த எவரும் சொல்வார். ஆயினும், சிங்கள இனத்தைக் கருவிலேயே அறுத்துவிட முஸ்லிம்கள் சதி செய்கிறார்கள் என்ற பயத்தை நாள்தோறும் கையிலே ஏந்திப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு, மாவுக்கட்டி மாத்திரையாவதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை.

கூட்டம் கடையைச் சூழ்ந்துகொண்டது. சிங்களம் அரைகுறையாகவே அறிந்த கடைக்காரர், மாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, தெரியாது என்றும், ஆம் போட்டிருக்கிறோம் என்றும் பொருள்படத் தடுமாறி ஏதோ சொன்னார். அது 18 விநாடிக் காணொளியாகி, குற்றவாளியின் வாய்மொழி வாக்குமூலம் என்ற கோலத்தோடு தங்கள் தளத்திலே ஏறிற்று. அன்றிரவு அவர் அடிபட்டார்; கடை நொறுங்கியது; ஊர்ப் பள்ளிவாசலுக்குத் தீ வைக்கப்பட்டது. அரசாங்கப் பகுப்பாய்வாளர் திணைக்களம் அவ்வுணவைப் பரிசோதித்து, அது மாவுச்சத்துத் திரண்ட கட்டியே, மலடாக்கும் பொருள் எதுவும் அதில் இல்லை என்று மார்ச் மாதத்தில் அறிவித்தது. அந்த அறிவித்தலைப் பகிர்ந்துகொள்ள எவரும் முண்டியடித்ததாக எனக்கு நினைவில்லை.

அதற்குள் கண்டி எரிந்துவிட்டது. தெல்தெனியவில் ஒரு வீதித் தகராற்றிலே முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் மாதத் தொடக்கத்தில் வைத்தியசாலையில் உயிர்நீத்தார். அது மெய்யான மரணம், மெய்யான துக்கம், நீதிமன்றம் விசாரித்துத் தண்டிக்கவேண்டிய குற்றம். ஆனால் அம்பாறைக் காணொளியைப் பார்த்துப் பார்த்துக் கொதித்திருந்த கூட்டத்திற்கு நீதிமன்றம்வரை போகப் பொறுமை இல்லை. திகனையிலும் அயலூர்களிலும் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீடொன்றின் மேல்மாடியில் அகப்பட்டுக்கொண்ட ஓர் இளைஞன் இறந்தான். மார்ச் 6ஆம் திகதி நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று.

தீ வைத்த கைகள் எங்கள் நாட்டவரின் கைகள். அதைத் தூண்டிய நாவுகள் எங்கள் நாட்டவரின் நாவுகள். பார்த்துக்கொண்டு நின்ற சீருடைகளும் எங்களுடையவையே. முகநூல் பிறப்பதற்கு முன்னரே, 1983இல், தமிழருக்கு எதிராக, அச்சுத்தாளும் வாய்வதந்தியும் மட்டும் கொண்டு இத்தகைய கருமங்களைச் செவ்வனே நிறைவேற்றிய தேசம் இது. அந்தப் பழியை உங்கள் தலையில் கட்டும் உத்தேசம் எனக்கு இல்லை. நான் கேட்பது வேறு.

அந்த நாட்களில், முஸ்லிம்கள் அனைவரையும் கொன்றுவிடுங்கள், குழந்தையைக்கூட விட்டுவைக்காதீர்கள் என்ற கருத்துப்படச் சிங்களத்தில் இடப்பட்ட ஒரு பதிவைப் பற்றி உங்கள் ஸ்தாபனத்திற்கு முறையிட்டவர்களுக்கு, நாட்கள் கழித்து வந்த பதில், அப்பதிவு உங்கள் சமூக நியமங்கள் எதையும் மீறவில்லை என்பதாகும். அந்தப் பதிலை எழுதியது மனிதரா, இயந்திரமா, சிங்களம் அறிந்தவரா, அறியாதவரா என்ற ஆராய்ச்சியில் நான் இறங்கவில்லை. மனிதராயின் அவருக்காகவும், இயந்திரமாயின் உங்களுக்காகவும் வெட்கப்படுகிறேன்.

மார்ச் 7ஆம் திகதி எங்கள் அரசாங்கம் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் இன்ஸ்டகிராமையும் முடக்கிற்று. (ஆபத்து வேளையில் ஜனங்களின் வாயைக் கட்டும் அரசாங்கங்களை நான் மெச்சுபவன் அல்லன், நாளை அதே பூட்டு என் வாய்க்கும் வரும்.) முடக்கிய உடனே நடந்த அற்புதத்தைக் கவனியுங்கள். முறைப்பாடுகளுக்கு அசையாத உங்கள் ஸ்தாபனம் அசைந்தது. பிரதிநிதிகள் கொழும்புக்குப் பறந்து வந்தார்கள். ஜனாதிபதியின் செயலாளரோடு சம்பாஷித்தார்கள். 15ஆம் திகதி தடை நீங்கிற்று. பள்ளிவாசல் எரிந்தபோது கிடைக்காத விமானச் சீட்டு, பார்வையாளர் தொகை சரிந்தபோது எப்படிக் கிடைத்தது என்று எங்களைப் போன்ற பாமரர்கள் வியப்பது இயல்புதானே?

இனி நான் சொல்லப்போவது எனக்கு எல்லாவற்றிலும் மேலாக உறுத்தும் விஷயம். அவ்வாண்டு ஜனவரி 11ஆம் திகதி, அதாவது அம்பாறைச் சம்பவத்திற்கு ஏழு வாரங்கள்கூட முந்தாத ஒரு நாளிலே, நீங்கள் உங்கள் கையாலேயே ஓர் அறிவித்தல் எழுதினீர்கள். வியாபாரிகளும் பத்திரிகைகளும் இடுவனவற்றைக் குறைத்து, நண்பரும் உறவினரும் இடுவனவற்றையே இனி முன்வைப்போம், மனிதருக்கிடையே அர்த்தமுள்ள உறவாடலை வளர்ப்போம் என்றீர்கள். எத்துணை இனிய சொற்கள்! ஆனால் பொய்க்கு இதனினும் நல்ல வாகனம் உண்டா? பத்திரிகையில் வந்தால், பத்திரிகைக்காரன் புளுகுகிறான் என்று தள்ளுவோம். அரசியல்வாதி சொன்னால் சிரிப்போம். மைத்துனன் அனுப்பினால்? கூடப் படித்தவன் அனுப்பினால்? பிள்ளைக்கு எழுத்தறிவித்த ஆசிரியை அனுப்பினால்? சொன்னவர் மீதுள்ள அன்பே சொல்லப்பட்டதற்குச் சாட்சியாகிவிடுகிறது. மறுத்தால் பொய்யை மறுத்ததாகாது, உறவை மறுத்ததாகிவிடுகிறது. இரத்தபாசத்தையும் சிநேகத்தையும் நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்தோம். அந்த முதலை வட்டியின்றி எடுத்து நீங்கள் வியாபாரம் செய்தீர்கள்.

அதுவும் எப்படிப்பட்ட வியாபாரம்! 2021இல் உங்கள் ஸ்தாபனத்தின் உட்பத்திரங்கள் வெளியானபோது நாங்கள் அறிந்துகொண்டோம்: 2017 முதல், ஒருவர் ஒரு பதிவின் கீழே சினங்கொண்ட முகத்தை அழுத்தினால், அது சாதாரண லைக்கைக் காட்டிலும் ஐந்து மடங்கு பெறுமதி உடையதாகக் கணிக்கப்பட்டதாம், அந்தச் சினம் பெறுமதியற்றது என்று முடிவு செய்ய 2020 வரை சென்றதாம். ஜனவரி மாற்றம் ஆத்திரமூட்டுவனவற்றுக்கே அனுகூலமாக முடிகிறது என்று உங்கள் ஊழியர்களே எச்சரித்திருந்தார்களாம். அந்த மாற்றத்தினாலேதான் அம்பாறைக் கடை நொறுங்கிற்று என்று நான் சாதிக்கவில்லை. சாதிப்பதற்குரிய கணக்கு என்னிடம் இல்லை, உம்மிடம் இருக்கிறது.

ஆம், உம்மிடம். இனி மரியாதையைத் தேடிப் பிடித்து எழுத என்னால் இயலவில்லை, பொறுத்தருளும்.

எங்கள் பகுதியில் நோன்புப் பெருநாள் வந்தால் முஸ்லிம் வீட்டு வட்டிலப்பம் சிங்கள வீட்டுக்கும் தமிழ் வீட்டுக்கும் போகும். சித்திரைப் புத்தாண்டென்றால் பாற்சோறும் கவுமும் கொக்கிஸும் திரும்பி வரும். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். அயலான் கையால் உண்பதென்பது அவன் மீது வைக்கும் ஆகக்கூடிய நம்பிக்கை. கொலையோ கொள்ளையோ அந்த நம்பிக்கையை அவ்வளவு சுலபமாகத் தொட்டதில்லை. யுத்த காலத்திலும் வட்டிலப்பம் நடமாடியது. மாத்திரைக் கதை நேரே அந்தச் சோற்றிலே கைவைத்தது. வாங்கிய தட்டை வாசலில் வைத்துவிட்டு, பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொண்டு, இருட்டியபின் நாய்க்குப் போடுகிற ஒரு தாய், தான் அயலானைப் பகைத்ததாக நினைப்பதில்லை. பிள்ளைகளைக் காத்ததாகவே நினைக்கிறாள்.

கட்டி மாவென்று நிரூபணமான பின்னராவது அக்கதை செத்ததா? 2019 மே மாதத்தில், ஈஸ்டர் குண்டுவெடிப்புகளின் புண் ஆறாதிருந்த வேளையில், ஒரு சிங்களத் தினசரியின் முதற்பக்கத்திலே அது மீண்டும் எழுந்தது: முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாரை அவர்கள் அறியாமலே மலடாக்கிவிட்டாராம். குருநாகல் வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி கைதானார். சாட்சியம் எதுவும் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்திற்கு அறிவித்தது. அதை அச்சடித்தது பத்திரிகை, நானல்லவே என்பீர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தலைப்பைப் படித்த மாத்திரத்தில் நம்புவதற்கு ஆயத்தமான வாசகரைப் பயிற்றுவித்தது யார்? அவ்வைத்தியர், 2022இல் தமக்குக் கிடைத்த நிலுவைச் சம்பளத்தை, மருந்தின்றித் தவித்துக்கொண்டிருந்த எங்கள் வைத்தியசாலைகளுக்கு மருந்து வாங்கும்படி கொடுத்துவிட்டார். பழிக்கப்பட்டவருக்கு இருந்த நாணம் பழியைச் சுமந்து சென்றவருக்கு இல்லை.

2020 மே மாதத்தில் உமது ஸ்தாபனம் மன்னிப்புக் கேட்டது உண்மையே. தானே அமர்த்திய ஆய்வாளரின் அறிக்கையை வெளியிட்டு, அக்கலவரத்தில் நேர்ந்த மனித உரிமைக் கேடுகளுக்கு வருந்துவதாக அறிவித்தது. கண்டி எரிந்து இரண்டு வருஷங்களின் பின்னர், பெருந்தொற்றின் நடுவே, உலகம் வேறு பிணங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது வந்த மன்னிப்பு அது. பின்னர் 2025 ஜனவரியில், அமெரிக்காவில் பொய்யும் மெய்யும் பிரித்துச் சொல்ல வைத்திருந்த வெளியாரையும் அனுப்பிவிடப்போவதாக நீரே கமெராவின் முன் தோன்றி மகிழ்ச்சியோடு அறிவித்தீர். ஒருமுறை வருந்தியாயிற்று, போதும் என்ற தீர்மானம் போலும்.

என் கோரிக்கை சிறியது. அந்த 18 விநாடிக் காணொளி உமது தளத்தின் வழியே எவரெவர் கைக்குச் சென்றது என்பதற்கு உம்மிடம் கணக்கு இருந்திருக்கும். இல்லை என்று சொல்லி எங்களைச் சிரிக்கவைக்காதேயும். அதே ஆட்களுக்கு, அதே இடத்தில், அதே சிங்களத்திலும் தமிழிலும், அரசாங்கப் பகுப்பாய்வாளரின் முடிவைக் காட்டும்: அது மாவு. இது ஆகாத காரியமன்று. உமது பாவனையாளரின் தகவல்கள் கைமாறிய கேம்பிரிட்ஜ் அனலிற்றிகா விவகாரத்தில் அமெரிக்கச் செனற் சபை உம்மை அழைத்தபோது, 2018 ஏப்ரலில், 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையானோருக்கு அவரவர் பக்கத்திலேயே அறிவித்தல் காட்ட உம்மால் இயன்றது. கொரோனாப் பொய்களோடு உறவாடியவர்களைத் தேடிப்பிடித்து உண்மையைக் காட்டப்போவதாக 2020இல் நீரே சொன்னீர். அம்பாறையை விசாரிக்க அமெரிக்கச் செனற்றர் எவரும் கிளம்பமாட்டார் என்பதற்காக எங்களை மட்டும் வரிசையிலிருந்து விலக்கிவிடாதேயும்.

அதற்குச் செலவாகும் என்பீராயின், 2018இல் 55 பில்லியன் டொலருக்கு மேல் வருமானம் கண்ட ஸ்தாபனத்தின் சிரமத்தை நாங்கள் உணர்கிறோம். விளம்பரக் கட்டணம் எவ்வளவென்று தெரிவித்தால், அம்பாறையிலும் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் கடை கடையாக உண்டியல் குலுக்கி அனுப்பிவைக்கிறோம். பற்றுச்சீட்டு மட்டும் தவறாமல் வேண்டும்.

இங்ஙனம்,
கிழக்கிலங்கை வாசகன் ஒருவன்