பழவேற்காடு ஏரி: சரணாலயம்னு அறிவிச்சா மட்டும் போதுமா?

சிரம்பான் வட்டாரத் தோட்டங்களைத் தாண்டி ஓடும் லிங்கி ஆறு, கடலைத் தொடும் இடத்தில் அலையாத்திக் காடாக விரிகிறது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இதுபோன்ற இடங்களை எப்படிக் காப்பாற்றுவது? சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள பழவேற்காடு ஏரியில் இதற்கான பாடம் இருக்கிறது.

இது என்ன ஏரி?

தமிழ்நாடு, ஆந்திர எல்லையில் உள்ள உவர்நீர் ஏரி. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவில் இரண்டாவது பெரியது. ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா தீவுதான் இதை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. ஆரணி ஆறு போன்றவை நன்னீர் தருகின்றன; முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் வருகிறது. இரண்டும் கலப்பதால்தான் இறால், நண்டு, மடவை எல்லாம் கிடைக்கின்றன. பூநாரைகளும் வருகின்றன.

சட்டப் பாதுகாப்பு இல்லையா?

இருக்கிறது. ஆந்திரப் பகுதி 1976-லும், தமிழ்நாட்டுப் பகுதி 1980-லும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன.

அப்புறம் என்ன பிரச்சனை?

மணல்தான். கடலோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தில் குவிகிறது. மழை இல்லாத மாதங்களில் அதைத் தள்ளிவிட ஆற்றில் வேகம் இருக்காது. வாய் அடைபட்டால் இறால் குஞ்சுகள் உள்ளே வராது, வெயிலில் நீர் வற்றி உப்பு ஏறும், படகுகளும் கடலுக்குப் போக முடியாது. மீனவர்களே இறங்கி மணலை வெட்டிய காலமும் உண்டு.

வாயை நிரந்தரமாகத் திறந்து வைக்க, தமிழ்நாடு அரசு சுமார் 27 கோடி ரூபாயில் தடுப்புச் சுவர் திட்டத்தைக் கொண்டு வந்தது. ஆனால் இடம் சரணாலயத்துக்குள் இருப்பதால் வனவிலங்கு அனுமதியும் தேவைப்பட்டது. அதாவது, ஏரியைக் காக்கும் சட்டமே ஏரியின் மூச்சுக்குழாயைச் சரிசெய்யும் வேலைக்கும் ஒரு படியானது.

மீன்பிடிக்கத் தடை போட்டால்?

ரெடாங், தியோமான் போன்ற நம் கடல் பூங்காக்களில், கரையிலிருந்து 2 கடல் மைல் வரை மீன்பிடிக்கத் தடை. பழவேற்காட்டில் அப்படியே செய்தால், ஏரியை நம்பி வாழும் ஊர்கள் என்னாகும்? அங்கே ‘பாடு’ என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதுவும் ஒரு கட்டுப்பாடுதான்.

நமக்கு என்ன?

நெகிரி செம்பிலான் கரையில் கடல் பூங்கா எதுவும் இல்லை. நாளைக்கே லிங்கி முகத்துவாரத்தையோ போர்ட்டிக்சன் கரையையோ பாதுகாக்கத் திட்டம் வந்தால், இரண்டு கேள்வி கேட்கலாம்: தண்ணீர் வந்துபோகும் வழியை யார் கவனிப்பார்கள்? அங்கே பிழைப்பவர்களிடம் யாராவது பேசினார்களா?