பாலையும் பாலைவனமும்

பூசை விடுமுறை நெருங்கினால் கொல்கத்தாவில் பல வீடுகளில் ஜெய்சல்மேர் என்னும் பெயர் அடிபடும். ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் ஊரினர், 200 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் மணல்வெளியை நாடுவது ஏன்? சத்யஜித் ராய் 1974-இல் எடுத்த ‘சோனார் கெல்லா’ திரைப்படமே பெருங்காரணம். முற்பிறவி நினைவாகப் பொற்கோட்டையைப் பற்றிப் பேசும் சிறுவன் முகுலோடு வங்காளமே அங்குப் பயணப்பட்டது. மஞ்சள் மணற்கல்லால் ஆன அக்கோட்டை மாலை வெயிலில் பொன்னாகவே ஒளிரும்.

சென்றவர்கள் ஒட்டகமேறி, சாம் மணற்குன்றுகளில் படமெடுத்துத் திரும்புகின்றனர். “மணலைத் தவிர அங்கே ஒன்றுமே இல்லை” என்று வியப்போடு சொல்கின்றனர். அந்த ‘ஒன்றுமே இல்லை’ என்பதோடுதான் எனக்குப் பிணக்கு.

நம் முன்னோர் பாலையை என்றுமுள்ள தனி நிலமாகக் கருதவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். ஆகவே தமிழ்ப் பாலை நலிவுற்ற நிலம்; மழை பெய்தால் மீளும். தார்ப் பாலைவனம் அத்தகையதன்று. வறட்சியே அதன் இயல்பு. இவ்வேறுபாட்டை மறந்தே ‘பாலைவனத்தைச் சோலையாக்குவோம்’ என்கிறோம்.

அவ்வாறு முயன்றதன் விளைவு நமக்கும் தெரிந்ததே. விரைந்து வளரும் என்று வெளிநாட்டிலிருந்து கொணர்ந்த சீமைக்கருவேலம் இராமநாதபுரத்தைப் போலவே இராசத்தானிலும் புல்வெளிகளை விழுங்கிற்று. அங்கே இயல்பாக வளர்வது கேஜ்ரி. அது வேறொன்றுமன்று, நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியே! அம்மரத்தைக் காக்க 1730-இல் கேஜர்லி என்னும் சிற்றூரில் அமிர்தா தேவி முதலிய 363 பிஷ்னோய் மக்கள் உயிர்துறந்தனர் என்பர்.

நீர் தேக்கும் கலையிலும் அம்மக்கள் வல்லவர். பாறைச் சரிவில் விழும் மழைநீரைத் தாழ்நிலத்தில் கரைகட்டி நிறுத்துவர்; நீர் மண்ணில் ஊறியபின் அவ்வீரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைப்பர். ‘கடீன்’ எனப்படும் இம்முறை ஜெய்சல்மேரில் பல நூற்றாண்டுப் பழைமையுடையது. நம் கோயில்காடுகளைப் போலத் தெய்வத்தின் பெயரால் காக்கப்படும் ‘ஓரண்’ மேய்ச்சல் நிலங்களும் அங்குண்டு.

இன்று அவ்வோரண்கள் பல, அரசுப் பதிவேடுகளில் ‘தரிசு’ என்றே உள்ளன. தரிசுதானே என்று சூரிய மின்னாற்றல் நிலையங்களுக்கு நிலம் ஒதுக்கப்படும்போது ஆடுமாடு வளர்ப்போர் எதிர்க்கின்றனர். சூரிய மின்னாற்றல் வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஆனால் இருநூறுக்கும் குறைவாக எஞ்சியுள்ள கானமயில்கள் அந்நிலத்தில்தான் வாழ்கின்றன. மின்கம்பிகளில் மோதி இறக்கவும் செய்கின்றன. முன்பு தமிழ்நாட்டிலும் இருந்த பறவை அது.

நீங்கள் ஜெய்சல்மேர் சென்றால் கோட்டையைக் கண்டு மகிழுங்கள். மறுநாள் காலை, வண்டி ஓட்டுபவரிடம் ஒரு கடீனுக்கும் ஓர் ஓரணுக்கும் அழைத்துச் செல்லுமாறு கேளுங்கள். வழியில் வன்னி மரத்தைக் கண்டால் உங்களுக்கு அடையாளம் தெரியும்.