பாரிஸில் எழுதப்பட்ட நம்மூர்க் கணக்கு



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். மார்க் நிறைய வாங்கிய பிள்ளைக்கு சயின்ஸ் குரூப். நடுத்தரமாக வாங்கியவனுக்கு காமர்ஸ். "கடைக் கணக்காவது பார்ப்பான்" என்று ஆறுதல். இரண்டிலும் இடம் கிடைக்காதவன்தான் வரலாற்றுப் பிரிவில் போய் உட்காருகிறான். உட்காரும்போதே தலையைக் குனிந்துகொண்டு உட்காருகிறான். "செத்துப்போன ராஜாக்களைப் படித்து என்னடா செய்யப்போகிறாய்?" என்று கேட்கும் வாப்பாக்களும் மாமாக்களும் நம்மிடையே உண்டு. அதிலும் உலக வரலாறு என்றால் கேட்கவே வேண்டாம்! பிரெஞ்சுக்காரன் புரட்சி செய்தால் நமக்கென்ன, ஜெர்மன்காரன் சண்டை போட்டால் நமக்கென்ன என்ற அலட்சியம்.

2019இல் வந்த நம் மாநிலப் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலைப் புரட்டிப் பாருங்கள். வரலாற்றுப் பகுதியின் முதல் நான்கு பாடங்களும் உலக வரலாறு. முதல் உலகப்போர், இரு போர்களுக்கு இடைப்பட்ட காலம், இரண்டாம் உலகப்போர், அதற்குப் பின் வந்த உலகம். நம் பிள்ளைகள் இந்த நான்கையும் ஐந்து மார்க் கேள்விக்காக உருப்போட்டு, தேர்வு முடிந்த மறுநாள் பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். எடைக்குப் போவது யாருடைய கதை என்பதுதான் நம் கேள்வி.

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகிற சகோதரர் ஒருவர் திருமானூரில் இறங்கி, கொள்ளிடம் பாலத்தின் மீது சற்று நிற்கட்டும். இக்கரை பழைய அரியலூர், உடையார்பாளையம் பாளையங்களின் சீமை. அக்கரை தஞ்சை மராட்டிய மன்னரின் ராஜ்ஜியம். ஆற்றின் போக்கை எதிர்த்து மேற்கே போனால் திருவரங்கமும் திருச்சிக் கோட்டையும். வடமேற்கே பெரம்பலூர்ப் பக்கம் ரஞ்சன்குடிக் கோட்டை. திருமானூருக்குப் பக்கத்திலேயே ஏலாக்குறிச்சி. அங்கே மாதா கோயில் கட்டிய வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்தவர். அவர் பார்சியும் உருதும் கற்றுக்கொண்டு திருச்சியை ஆண்ட சந்தா சாகிபைச் சந்தித்தார் என்றும், சந்தா சாகிப் அவருக்கு ஊர்களை மானியமாகக் கொடுத்தார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஒரு முஸ்லிம் ஆட்சியாளர், ஓர் இத்தாலியப் பாதிரியார், கொள்ளிடக் கரைக் கிராமங்கள்! உலகம் நம் வீட்டு வாசலுக்கு வந்து எத்தனை காலம் ஆகிவிட்டது, பார்த்தீர்களா?

அந்தச் சந்தா சாகிபின் கதையைத் தொடர்ந்து கேளுங்கள். 1740இல் ஐரோப்பாவில் ஆஸ்திரிய சிம்மாசனம் யாருக்கு என்று சண்டை மூண்டது. அந்தச் சண்டையின் தொடர்ச்சியாக 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களை விரட்டப் போன ஆர்க்காடு நவாபின் பெரும்படை அடையாற்றங்கரையில் ஒரு சின்னப் படையிடம் தோற்றது. எண்ணிக்கை இருந்தது, பயிற்சியும் புதிய போர் முறையும் எதிரியிடம் இருந்தன. 1748இல் ஐரோப்பாவில் சமாதானம் ஆனபோது சென்னையை எப்படித் திருப்பிக் கொடுத்தார்கள் தெரியுமா? வட அமெரிக்காவில், இன்றைய கனடாவில் இருக்கும் லூயிபர்க் என்ற கோட்டையை பிரெஞ்சுக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சென்னையை ஆங்கிலேயன் வாங்கிக்கொண்டான். பண்டமாற்று! சந்தையில் ஆட்டுக்கு மாடு மாற்றுவதுபோல. சென்னையில் குடியிருந்தவர்களை யாராவது கேட்டார்களா?

அதன் பிறகு நவாப் பட்டத்துக்குச் சந்தா சாகிபும் முகம்மது அலியும் மோதினார்கள். ஒருவருக்கு பிரெஞ்சுத் துப்பாக்கி, மற்றவருக்கு ஆங்கிலத் துப்பாக்கி. 1751இல் ரஞ்சன்குடியில் போர் நடந்தது. அதே ஆண்டு கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்தான். 1752இல் திருவரங்கத்தில் சிக்கிய சந்தா சாகிப், தஞ்சைத் தளபதியின் ஆட்களால் தலை வெட்டப்பட்டார்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இதே சந்தா சாகிப்தான் திருக்குர்ஆன் மீது சத்தியம் செய்து கொடுத்து, மதுரை நாயக்க அரசி மீனாட்சியை ஏமாற்றித் திருச்சிக் கோட்டையைப் பிடித்தார் என்று பல வரலாற்று நூல்களில் காண்கிறோம். நம் பெயர் கொண்டவர் என்பதற்காக அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. சத்தியத்தை முறித்தவர் சத்தியத்தை முறித்தவர்தான். "நாங்கள் ஆண்ட பரம்பரை" என்று மேடையில் மார்தட்டுவதற்காக மட்டும் வரலாற்றைத் தேடுகிறவர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்கள். நீங்கள் மூடாதீர்கள்.

வென்ற முகம்மது அலியாவது வாழ்ந்தாரா? 1756 முதல் 1763 வரை ஐரோப்பா, அமெரிக்கா, இந்தியா என்று மூன்று பக்கமும் ஏழாண்டுப் போர் நடந்தது. அதை முடித்த 1763 பாரிஸ் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அதன் ஒரு ஷரத்தில், முகம்மது அலியே கர்நாடகத்தின் சட்டபூர்வ நவாப் என்று இங்கிலாந்தும் பிரான்சும் ஒப்புக்கொள்கின்றன. ஆர்க்காட்டில் யார் ஆளலாம் என்று பாரிஸில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்! இரண்டே ஆண்டில், 1765இல், நவாபின் படையும் ஆங்கிலப் படையும் சேர்ந்து வந்து அரியலூரையும் உடையார்பாளையத்தையும் பிடித்தன. கொள்ளிடத்தின் இக்கரையில் உழுதுகொண்டிருந்த குடியானவனுக்குப் பாரிஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அங்கே போட்ட கையெழுத்தின் பலம் மட்டும் அவன் களத்துமேட்டில் வந்து இறங்கியது.

வணிகச் சகோதரர்களே, இனி வருவது குறிப்பாக உங்களுக்கு. பட்டம் உறுதியான நவாப் எதில் விழுந்தார்? கடனில்! படைச் செலவுக்குக் கம்பெனிக்குக் கடன். அது போதாதென்று கம்பெனியின் உத்தியோகஸ்தர்களிடமே தனித்தனியாகக் கடுவட்டிக்குக் கைமாற்று. அடமானமாகக் கொடுத்தது சீமைகளின் வரி வருமானத்தை. 1773இல் கம்பெனிப் படையின் உதவியோடு நவாப் அக்கரைத் தஞ்சையைப் பிடித்தார். 1776இல் சென்னை கவர்னர் பிகட் பிரபு அதை மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தபோது, பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர், "தஞ்சை விளைச்சல் எனக்கு அடமானம்" என்று வந்து நின்றார். அந்தச் சச்சரவில் சென்னை கவுன்சில் உறுப்பினர்களே தங்கள் கவர்னரைக் கைது செய்தார்கள். அவர் காவலிலேயே 1777இல் இறந்தார். ஆர்க்காட்டு நவாபின் கடன் விவகாரம் இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை போய், 1785இல் எட்மண்ட் பர்க் அதைப் பற்றி நீண்ட உரை நிகழ்த்தினார். கடைசியில் 1801இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது. நவாபின் வாரிசுக்கு மிஞ்சியது பட்டமும் பென்ஷனும்.

வட்டியை மார்க்கம் ஏன் தடுத்தது என்று மிம்பரில் கேட்கிறோம். ஒரு ராஜ்ஜியமே வட்டியில் மூழ்கிய கதை நம் ஜில்லாவிலேயே நடந்திருக்க, அதை எந்தக் கடையிலாவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

பருத்தி வியாபாரிகளுக்கு இன்னொன்று. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வருவது நின்றது. இந்தியப் பஞ்சு விலை எகிறியது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்து, பம்பாயில் பெரிய பெரிய வியாபாரிகள் திவாலானார்கள். உலகச் செய்தியைக் கவனித்தவன் சரக்கை நேரத்தில் விற்றான். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஒரே ஒரு கப்பல் குறுக்கே சிக்கிக்கொண்டபோது சரக்குக்காகக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இளைஞர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. பலஸ்தீனத்துக்காகக் கொடி பிடிக்கிறோம், கோஷம் எழுப்புகிறோம். எழுப்பத்தான் வேண்டும். ஆனால் 1917 நவம்பர் 2 அன்று என்ன நடந்தது என்று கூட்டத்தில் ஒருவரைக் கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வார்கள்? பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர், தனக்குச் சொந்தமில்லாத மண்ணை யூதர்களின் தேசிய இல்லமாக்க ஆதரவு தருவதாகக் கடிதம் எழுதிக் கொடுத்த நாள் அது. அதற்கு முந்தைய ஆண்டே பிரிட்டனும் பிரான்சும் அரபு நாடுகளைத் தங்களுக்குள் இரகசியமாகப் பங்கு போட்டிருந்தன. 1914இல் பஸ்ராவில் இறங்கி, 1917இல் பாக்தாதைப் பிடித்த பிரிட்டிஷ் படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். உதுமானிய கிலாஃபத்தை எதிர்த்த அந்த அணியில் முஸ்லிம் சிப்பாய்களும் இருந்தார்கள். நெஞ்சு வலிக்கிறதல்லவா? அந்த வலியில்தான் இங்கே கிலாஃபத் இயக்கம் வெடித்தது. கிலாஃபத்தை வெள்ளைக்காரன் ஒழித்தான் என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1924 மார்ச் 3 அன்று அதை ஒழித்துத் தீர்மானம் போட்டது துருக்கியின் சொந்த நாடாளுமன்றம். தெரியாமல் பேசினால் எதிரி சிரிப்பான். தெரிந்தவன் பேச்சை அவன் தாள் எடுத்துக் குறித்துக்கொள்வான்.

வரலாறு தேவையில்லாத பாடம் என்று நாம் நினைக்கலாம். அப்படி நினைக்காதவர்கள் இருக்கிறார்கள். 2022இல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடத்தை நீக்கியது. பதினொன்றாம் வகுப்பு உலக வரலாற்று நூலிலிருந்து மத்திய இஸ்லாமிய நாடுகள் பற்றிய பாடமும் தொழிற்புரட்சிப் பாடமும் போயின. முகலாயர் போனதற்கு நாம் கூச்சல் போட்டோம். தொழிற்புரட்சி போனதை யாரும் கவனிக்கவில்லை. நம் நெசவாளியின் தறியை முடக்கிய கதை அந்தப் பாடத்தில்தான் இருக்கிறது.

வேலைவாய்ப்புக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2006இல் வந்த சச்சார் அறிக்கைப்படி ஐ.ஏ.எஸ். பணியில் முஸ்லிம்கள் 3 சதவீதம், வெளியுறவுப் பணியில் 1.8 சதவீதம், ஐ.பி.எஸ். பணியில் 4 சதவீதம். அந்தப் பணிகளுக்கான மெயின் தேர்வில் 2013 முதல் உலக வரலாறு கட்டாயப் பகுதி. தொழிற்புரட்சி, உலகப்போர்கள், காலனி ஆதிக்கம், எல்லைகள் மாற்றி வரையப்பட்ட விதம், எல்லாம் கேட்கிறார்கள். நாம் எடைக்குப் போட்ட அதே நான்கு பாடங்கள்! தமிழகத்தில் 2007இல் கிடைத்த 3.5 சதவீத இடஒதுக்கீட்டுக்காக வீதியில் நின்றோம். அதை நிரப்பத் தகுதியான பிள்ளைகளைத் தயார் செய்யும் வேலையும் நம்முடையதுதானே?

ஆகவே அடுத்த ஜூனில் ஒரு பிள்ளை வரலாற்றுப் பிரிவு வேண்டும் என்று தானாகக் கேட்டால், அவனைத் திட்டாதீர்கள். சேருகிற பிள்ளைகள் குறைந்தால் பள்ளியில் அந்தப் பிரிவையே மூடிவிடும் நிலை வரும். பிறகு விரும்புகிறவனுக்கும் வழி இருக்காது. ஜமாஅத் நிர்வாகிகள் மக்தபுக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி போட்டு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான சமூக அறிவியல், வரலாற்று நூல்களை வாங்கி அடுக்கலாம். பெரிய செலவு ஒன்றுமில்லை. ஒரு வலீமா விருந்தில் வீணாகும் பிரியாணியின் விலைகூட ஆகாது.

ரங்கூன், பினாங்கு, சைகோன் முத்திரை குத்திய கடிதங்கள் நம் பல வீடுகளின் தகரப் பெட்டியில் இன்னும் கிடக்கின்றன. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பான் குண்டு வீசியது. கடையையும் சரக்கையும் விட்டுவிட்டு, காட்டு வழியே நடந்து வந்தவர்கள் நம் பாட்டனார்கள். வழியிலேயே அடக்கமானவர்களும் உண்டு. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும் அந்தப் பெட்டியைத் திறந்து, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவனுடைய பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் மூன்றாவது பாடத்தைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.