ஃபார்மட் போடும் முன்

"அண்ணாச்சி, லேப்டாப் ஆன் ஆகுது, ஆனா உள்ள போக மாட்டேங்குது" என்று எதிர்வீட்டுப் பெண் வந்தார். சிவகாசியில் வெடி ஆபீஸ் வேலைக்குப் போகிறவர். மகனுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினி அது. கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று நின்றது. ஃபார்மட் போட்டால் எல்லாம் போய்விடும் என்று கடையில் சொன்னார்களாம். மறைந்த கணவரின் படங்கள் அதில்தான் இருக்கின்றன.

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எதைத் திறக்க என்று முதலில் கேட்பது கிரப். அதன் தொடக்கம் ஹார்டு டிஸ்க்கின் முதல் 512 பைட்டிலும், பெரும்பகுதி லினக்ஸ் பகுதியிலும் இருக்கும். இடம் போதவில்லையென்று மகன் லினக்ஸ் பகுதியை அழித்திருக்கிறான். வாட்ச்மேன் சாவியைத் தொலைத்த கதைதான். வீடு அப்படியே இருக்கிறது.

விண்டோஸ் 7 டிஸ்க் போட்டு, ரிப்பேரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்ற ஒரே கட்டளை கொடுத்தேன். விண்டோஸ் வந்தது. படங்கள் அத்தனையும் இருந்தன. அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரருக்கு ஃபார்மட் சுலபம். இழப்பு நமக்குத்தான். கணினி திறக்கவில்லை என்றால் உள்ளிருப்பது அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. லினக்ஸ் பென்டிரைவில் கணினியைத் திறந்தும் படங்களை எடுத்துவிடலாம். ஆகவே நண்பர்களே, "முதலில் படங்களை எடுத்துக் கொடுங்கள், பிறகு ஃபார்மட்" என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.